கதையை உடுத்துவது வேடமா?

கொஞ்சம் கற்பனையோடு உடுத்தி வெளியே கிளம்பினால், “எந்த நாடகத்துக்கு?” என்று கேட்க நம் ஊரில் ஆள் உண்டு. மனசுக்குள் ஒரு கதையை வைத்துக்கொண்டு அலமாரியைத் திறப்பது வேடம் கட்டுவதுதான், தன் நிஜத்தை மறைக்கும் வேலைதான் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் துணிமணிகளைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அந்த நம்பிக்கை நிற்காது.

ஆறு வயதில் வந்த போலியோ அவருடைய வலது காலைச் சூம்ப வைத்தது. 1925-இல், 18 வயதில், அவர் போன பஸ் விபத்துக்குள்ளாகி முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. பிறகு வாழ்நாள் முழுக்க அறுவை சிகிச்சைகள், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சைகள். அவர் தேர்ந்தெடுத்தது தெற்கு மெக்சிகோவில் தெஹுவாந்தெபெக் பகுதிப் பெண்களின் உடை. தரையைத் தொடும் பாவாடை, கால்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லை என்பதைக் காட்டாது. உய்பில் என்ற மேற்சட்டை நேர்நேராக வெட்டிய துணியில் தைத்தது. இடுப்பைப் பிடிக்காது, பொத்தான் கிடையாது, கச்சைக்கு மேல் அப்படியே போட்டுக்கொள்ளலாம், நாற்காலியில் உட்கார்ந்தாலும் சுருண்டு மேலே ஏறாது. பூ வேலை, கழுத்து மணிகள், தலையில் சூடிய பூக்கள் எல்லாம் உடம்பின் மேல்பாதியில். பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

மறைத்தது பாவாடை மட்டும்தான். பிளாஸ்டர் கச்சைகளின் மேல் அவரே படம் வரைந்தார். ஒன்றில் சிவப்பு அரிவாள் சுத்தியல் இருக்கிறது. 1953-இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலுக்கு அவர் செய்துகொண்டது கயிறு கட்டும் சிவப்புத் தோல் பூட்ஸ். அதன் மேல் சீனப் பூவேலை செய்த பட்டுத் துண்டு, சின்ன மணி. 1954-இல் அவர் இறந்ததும் கணவர் டியேகோ ரிவேரா அவருடைய பொருள்களை வீட்டுக் குளியலறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். 2004-இல்தான் அந்தக் கதவு திறந்தது. 2018-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, துணிகளும் கச்சைகளும் மருந்துக் குப்பிகளும் ஒரே கண்காட்சியில் இருந்தன. அப்படித்தான் வைக்க வேண்டும். அவர் உடையின் கதை தொடங்கியதே வலிக்கிற உடம்பில்தான். உட்கார விடாத, நடக்க விடாத கற்பனை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நல்ல உடை என்று நான் சொல்லமாட்டேன்.

“அது அவருடைய பரம்பரை உடை, நமக்கு அப்படி என்ன இருக்கிறது?” என்பார்கள். ஃப்ரீடா பிறந்தது மெக்சிகோ நகரத்தை ஒட்டிய கொயோகானில். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்தவர். அம்மா வழியில் ஓஹாகா மாநிலத் தொடர்பு உண்டு, அவ்வளவுதான். 1907-இல் பிறந்தவர், மெக்சிகோ புரட்சி வெடித்த 1910-இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். தெஹுவாந்தெபெக் சந்தையை ஆளும் பெண்களின் பெயர் நாடெங்கும் பரவியிருந்தது. அந்தத் தோரணை அவருக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். புரட்சிக்குப் பிறகு படித்த நகரத்துப் பெண்கள் பலரும் இதைச் செய்தார்கள். இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. நகரத்துப் பெண்ணின் புகைப்படம் உலகம் சுற்றும்போது, அந்தத் துணியைத் தைத்த கைகள் பெயரில்லாமல் போகின்றன. கடன் வாங்கலாம், யாரிடமிருந்து என்று தெரிந்து, கேட்கிறவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும்.

புதுத் துணி வாங்கினால்தான் கற்பனைக்கு வழி என்பது கடைக்காரர்களுக்கு மட்டும் வசதியான நம்பிக்கை. வீட்டில் பழைய மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று இருந்தால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்த்த சேலை என்றால் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. புதிதில் முடிச்சு இருந்த இடம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கும், விரலுக்குத் தெரியும். அச்சடித்த புள்ளியில் இது இருக்காது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலையான இதற்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது அந்தச் சேலைக்கு ஒரு வரிக் கதை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தி, இனி டிக்கெட் எடுத்துப் பயணியாக ஊர் சுற்றப்போகிறாள். அவள் எப்படிக் கட்டுவாள்? படியில் ஏற வேண்டும், கொசுவம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். முந்தானை பறக்கக் கூடாது, இடுப்பில் செருகியிருக்கும். ஜாக்கெட்டுக்குப் பதில் அண்ணனின் பழைய கைத்தறிச் சட்டை, ஏனென்றால் அவளுக்குப் பை வைத்த சட்டை பழகிவிட்டது. கையில் வாட்ச் உண்டு, வளையல் இல்லை. எதை விடுவது என்று கதை சொல்லிவிடுவதால்தான் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது பெரும்பாலும் நம்மைத் திணறவைப்பது மிச்சமாக இருக்கும் பொருள்கள்தான். இவ்வளவுக்கும் செலவு ஒரு பைசா இல்லை.

“உடையை மாற்றினால் மூளையே மாறும், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்பது இப்போது அதிகம் காதில் விழுகிறது. இதன் வேர் 2012-இல் ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வு. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கவனச் சோதனையில் குறைவாகத் தவறு செய்தார்கள் என்றது அது. அதன் முதல் சோதனையை 2019-இல் வேறொரு குழு கூடுதல் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2023-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உடைக்கு ஓரளவு தாக்கம் உண்டு என்று எழுதியவர்களில் பழைய ஆய்வாளர்கள் இருவரும் இருந்தார்கள். நல்ல உடை தைரியம் தரலாம். பரீட்சை எழுதித் தராது.

ஒரு கதையை எடுத்தால் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும் என்ற பயம்தான் பலரைத் தொடங்கவே விடுவதில்லை, ஆண்களை இன்னும் அதிகமாக. காந்தியின் உடையைப் பாருங்கள். லண்டனில் படிக்கும்போது பட்டுத் தொப்பி. 1913-இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், துக்கத்துக்காக ஒப்பந்தக் கூலிகளின் எளிய உடை. 1921-இல் மதுரைக்கு வரும் ரயிலில், கதர் வாங்க எங்களிடம் காசில்லை என்று சனங்கள் சொன்னதைக் கேட்டார். செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அரையாடைக்கு மாறினார். அப்போது அவர் வைத்துக்கொண்ட கெடு குறைந்தது அக்டோபர் 31 வரை என்பதுதான். அது ஆயுள் முழுக்க நீடித்தது பிறகு நடந்தது.

அதனால் நீங்களும் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் போதும். முடிவில் பார்க்க வேண்டியவை சில உண்டு: அந்த உடையில் பஸ் ஏற முடிந்ததா, வேர்வை தாங்கியதா, வீட்டில் துவைக்க முடிந்ததா, யாராவது கேட்டபோது அந்தக் கதையைக் கூச்சமில்லாமல் சொல்ல வந்ததா. ஒத்துவராததைப் பெட்டியில் மடித்து வையுங்கள். அது இன்னொரு கதைக்கு ஆகும்.