கெழு மறைப்பதை வளைகோடு காட்டும்

மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக இரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். பின்னாளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டளவில் குலை தள்ளும். விளைச்சல் ஏறி, உச்சம் கண்டு, பின் இறங்கும். ஏறக்குறைய 25 ஆண்டில் மறுநடவு செய்வர். குலை வெட்டிய நம் பெற்றோருக்கு இது படிக்காமலே தெரியும். இதையே புள்ளியியலில் எழுதும்போதுதான் நாம் தடுமாறுகிறோம்.

ஏறி இறங்கும் போக்கை நேர்கோடு காட்டாது. எனவே தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் வயதோடு வயதின் வர்க்கத்தையும் சேர்க்கிறோம். இஃது இருபடி உறுப்பு. உரத்தின் பயன் வயதுக்கேற்ப மாறுமானால் இரண்டையும் பெருக்கிச் சேர்க்கிறோம். இஃது இடைவினை உறுப்பு. பயிற்சிக்காக நாமே அமைத்துக்கொண்ட ஒரு சமன்பாடு:

விளைச்சல் = 4 + 2.4 வயது − 0.1 வயது² − 0.3 உரம் + 0.1 (வயது × உரம்)

விளைச்சல் ஹெக்டருக்கு டன் கணக்கிலும், உரம் மரத்துக்குக் கிலோ கணக்கிலும் உள்ளன.

"உரத்தின் கெழு −0.3, ஆகவே உரம் விளைச்சலைக் குறைக்கிறது" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவது எளிது. ஆனால் −0.3 என்பது வயது சுழியமான மரத்துக்கு உரியது; அம்மரம் குலையே தராது. ஒரு கிலோ உரத்தின் பயன் −0.3 + 0.1 × வயது. மூன்று வயதில் அது சுழியம். 10 வயதில் 0.7 டன், 20 வயதில் 1.7 டன். தவறான முடிவை நம்பிச் சிறுதோட்டக்காரர் ஒருவர் உரத்தை நிறுத்தினால் நட்டம் அவருக்கே.

எனவே வரைந்து பாருங்கள்.

1. வயது 3 முதல் 25 வரை, உரம் 0, 1, 2 கிலோ என ஒரு புதிய அட்டவணை அமைக்கவும்.

2. வர்க்கத்தையும் பெருக்கலையும் அந்தந்த வரிசையின் எண்களைக் கொண்டே கணக்கிடவும். வயதை மாற்றிவிட்டு வர்க்கத்தைச் சராசரியில் நிறுத்தினால் வளைகோடு நேர்கோடாகிவிடும்.

3. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் இவ்வரிசைகளைத் தரவின் கீழே சேர்த்து, விளைச்சலை வெற்றிடமாக விட்டு, கணிப்பு மதிப்பைச் சேமிக்கவும். ஆர் மென்பொருளில் 'பிரெடிக்ட்' கட்டளை போதும். ஆனால் வர்க்கத்தை 'ஐ' அடைப்புக்குள் எழுதாவிட்டால் அவ்வுறுப்பு விடுபட்டுப் போகும்.

4. ஒவ்வோர் உர அளவுக்கும் ஒரு வளைகோடு வரைந்து, மூலத் தரவின் புள்ளிகளையும் மேலே இடவும். தரவில் இல்லாத வயதுகளுக்குக் கோட்டை நீட்ட வேண்டாம்.

இப்போது படம் பேசும். உரமில்லா மரம் 12 வயதில் 18.4 டன் தந்து இறங்குகிறது. இரண்டு கிலோ பெற்ற மரம் 13 வயதில் 20.3 டன் தருகிறது. 20 வயதில் முன்னது 12 டன், பின்னது 15.4 டன்.

வயதிலிருந்து 10ஐக் கழித்துவிட்டு மீண்டும் இயக்கினால் உரத்தின் கெழு 0.7 ஆகும், வளைகோடுகள் இம்மியும் மாறா. ஆகவே ஆய்வேட்டில் கெழுவோடு படத்தையும் சேர்த்தே கொடுங்கள்.