பிள்ளையின் கழுத்தில் நெறி கட்டினால்



அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தினால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துத் தாயார் ஒருவர் தம்முடைய நாலு வயதுப் பெண் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு அங்கிருந்து நடந்தே எங்கள் புறநோயாளர் பகுதிக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. கையில் இருந்த பிஸ்கெட்டைத் தின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. தாயார்தான் அழுதுகொண்டிருந்தார்.

மூன்று நாளைக்கு முன் தலைக்கு ஊற்றும்போது, பிள்ளையின் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டதாம். பக்கத்து வீட்டம்மாளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க சின்ன மாமனாருக்கும் இப்படித்தான் கழுத்துல வந்துச்சு, ஆறு மாசத்துல போயிட்டாரு" என்றிருக்கிறார். அன்று முதல் இந்தத் தாயார் கண்ணை மூடவில்லை. இரவெல்லாம் விளக்கைப் போட்டுப் போட்டுப் பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்ததில், அந்தக் கணுக்களும் சிவந்து வலிக்கத் தொடங்கியிருந்தன.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. கணுக்களைத் தொட்டுப் பார்த்தபின், பிள்ளையின் பின்னலை அவிழ்த்துத் தலைமுடியை வகிர்ந்து பார்த்தார். பேன், ஈறு, சொறிந்து புண்ணாகிப் பொருக்குத் தட்டிய இடங்கள். "அம்மா, கட்டியைக் கழுத்தில் தேடாதீங்க. காரணம் தலையில் இருக்குது" என்றார். பேனுக்கு மருந்தும், புண்ணுக்கு ஐந்து நாள் மாத்திரையும், மூன்று வாரம் கழித்து ஒரு தேதியும் கொடுத்தார். அந்தத் தேதியில் வந்தபோது கணுக்கள் பாதியாய்ச் சுருங்கியிருந்தன.

நாங்கள் வைத்தியர் அல்ல. ஆனாலும் வார்டுகளில் பெற்றோருக்கு அருகே உட்கார்ந்து பல வருஷங்கள் கழித்ததில், இந்த ஒரு பயம் எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதைக் கண்டிருக்கிறோம். ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம். மருத்துவ விஷயங்களை எங்கள் டாக்டர்களிடம் கேட்டுச் சரிபார்த்தே எழுதுகிறோம்.

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று நம் ஜனங்கள் சொல்லுவார்கள். பொருத்தமில்லாத காரியத்தைக் கேலி பண்ணுவதற்கான பழமொழி அது. சரீரத்திலோ நாள்தோறும் நடக்கிறதே அதுதான். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல்லுக்குத் தாடையின் கீழும், தொண்டைப் புண்ணுக்குத் தாடைக் கோணத்திலும், தலைப்புண்ணுக்குப் பிடரியிலும் கட்டும். இரத்தத்தோடு கூட நிணநீர் என்ற ஒரு நீரும் சரீரமெங்கும் ஓடுகிறது. அது போகிற வழியில் சில நூறு கணுக்கள் சாவடிகளைப் போல் இருக்கின்றன. கிருமி வந்தால் அங்கே மறிக்கப்படும்; எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகும்; கணு வீங்கும். சாவடியில் ஆள் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஊரே எரிகிறது என்று எண்ணுவதுதான் நம்முடைய பயம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது அதிகம். அவர்கள் ஒவ்வொரு கிருமியையும் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள்; பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருஷத்தில் மாதம் ஒரு சளி பிடிப்பது உண்டு. ஆகையால் நன்றாய் விளையாடித் திரியும் பிள்ளையின் கழுத்தைத் தடவினாலும் ஓரிரு கணுக்கள் கையில் தட்டுப்படும். சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குள், அதாவது 1 செ.மீ.க்குள், மெதுவாய், தோலின் கீழ் நழுவக்கூடியதாய் இருந்தால் பெரும்பாலும் அது வியாதியே அல்ல. சளி போய் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கணு வற்றும். சில கணுக்கள் மாதக்கணக்கில் பட்டாணி போலவே இருந்துவிடும்.

கைக்குழந்தையின் இடது அக்குளில் கட்டி என்று ஓடி வருகிறவர்களும் உண்டு. நம் நாட்டில் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசியை இடது புயத்தில்தான் போடுகிறார்கள். சில குழந்தைகளுக்கு அடுத்து வரும் மாதங்களில் அந்தப் பக்கத்து அக்குளில் கணு வீங்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். மெத்தென்று சீழ் கோத்தால் டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். வீட்டில் பிதுக்கவோ, சூடு போடவோ, பத்து வைத்துக் கட்டவோ கூடாது.

இவ்வளவு ஆறுதல் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம் எங்களைச் சேரும். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கணு தெரிந்தால், அது எவ்வளவு சின்னதாயிருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாய் வளர்ந்துகொண்டே போவது, ரப்பர் போலவோ கல் போலவோ கெட்டியாவது, பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, நாலு முதல் ஆறு வாரமாகியும் குறையாதது, இவற்றையும் காட்ட வேண்டும். கணுவை மட்டும் பார்த்தால் போதாது, பிள்ளையையும் பார்க்க வேண்டும். எடை குறைகிறதா, ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருக்கிறதா, இரவில் சட்டை நனைய வேர்க்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, அடிபடாமலே நீலத் தழும்புகள் தோன்றுகின்றனவா, கை கால் எலும்பு வலிக்கிறது என்று அழுகிறதா? இரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் பிள்ளைகளுக்கு அபூர்வமே. வந்தாலும் இன்று குணமாகிறவர்கள் அதிகம். ஹாட்ஜ்கின் என்ற வகை நன்றாகக் குணமாகிற புற்றுநோய்களில் ஒன்று. ஆனால் காரணம் தெரியுமுன்னே வீக்கம் வற்றட்டும் என்று கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தால், கணு சில நாள் சுருங்கும். உள்ளே இருக்கிற வியாதி மறைந்துகொள்ளும். பிறகு பயாப்சி எடுத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். இதை உங்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

இனி எங்கள் பிழை ஒன்றையும் அறிக்கை செய்ய வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் களம்பூர்ப் பக்கத்து அரிசி மில்லில் மூட்டை தூக்கும் தகப்பன் ஒருவர் தம் ஆறு வயது மகனோடு வந்தார். ஓ.பி. சீட்டு எடுக்காமல், நேரே ஜெப அறை வராந்தாவில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்தார். "ஐயா, இத கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று பையனின் கழுத்தைக் காட்டினார். பெரும்பாலான கணுக்களுக்குப் பயமில்லை என்று அப்போதுதான் டாக்டர்களிடம் கேட்டு வைத்திருந்தோம். கற்றதைச் சொல்லும் ஆசை எங்களை முந்திக்கொண்டது. "ஒன்றும் இராது தம்பி, கவலைப்படாதே" என்று சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டோம். டாக்டரைப் பார் என்றும் சொல்லவில்லை. என்றைக்குத் திரும்பி வர வேண்டும் என்றும் சொல்லவில்லை.

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து வந்தார். வலது கழுத்தில் கணுக்கள் திராட்சைக் குலை போல் ஒட்டியிருந்தன. ஒன்றின் மேல் தோல் மெலிந்து கருஞ்சிவப்பாயிருந்தது. வலியும் இல்லை, சூடும் இல்லை. பையன் இளைத்திருந்தான். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, தாத்தா மழைக்காலம் முதல் இருமுகிறார் என்றார் தகப்பன். ஊசிப் பரிசோதனையில் பையனுக்குக் கணுக்களில் காசநோய் என்று வந்தது. தாத்தாவின் சளியிலும் அதே கிருமி.

நம் முன்னோர் கண்டமாலை என்று அழைத்த வியாதி இதுதான். கழுத்தைச் சுற்றி மாலை போல் கட்டுவதால் அந்தப் பெயர். ஐரோப்பாவிலும் இது பழைய வியாதி. இங்கிலாந்தில் அரசர் தொட்டால் குணமாகும் என்று நம்பினார்கள். பின்னாளில் 1755-ல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனை, அவருக்கு இரண்டரை வயதாயிருந்தபோது, 1712-ல் அவருடைய தாயார் லிச்ஃபீல்டிலிருந்து லண்டன் வரை தூக்கிக்கொண்டு போனார். ஆன் மகாராணி குழந்தையைத் தொட்டு, ஒரு பொற்காசைக் கழுத்தில் மாட்டிவிட்டார். வியாதி போகவில்லை, தழும்பு கடைசிவரை இருந்தது. ஆனாலும் அந்தக் காசை அவர் கழற்றவேயில்லை என்கிறார்கள். பையனின் கழுத்திலும் ஒரு தாயத்து இருந்தது. ஊசி போட இடைஞ்சலாயிருந்தபோது டாக்டரம்மா அதை அறுக்கவில்லை, தோள்பக்கம் தள்ளிவைத்தார். பிள்ளைக்காக ஒருவர் நடந்த தூரத்தை நாம் பரிகசிக்கலாகாது.

1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பின்னும் நீண்ட காலம் மருந்து இல்லை. 1915-ல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் சேர்ந்து திறந்த காசநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம்தான், ஏழைகள் தங்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஈடாகக் குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. கழுத்துக் கணுக் காசநோய் கண்ட பிள்ளைகளைப் பற்றியும் அதே நிலையத்தார் ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் ஒரு வருஷத்துக்கு மேலும் மருந்து கொடுப்பது வழக்கம். ஆறு மாதமே போதும் என்று கண்டார்கள். அதில் ஒரு விவரம் பெற்றோருக்கு முக்கியம். சிகிச்சை முடிந்த நாளிலும் ஏறக்குறைய பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு 1 செ.மீ.க்கு மேற்பட்ட கணு மிச்சமிருந்தது. அப்படியிருந்தும், பின்வந்த வருஷங்களில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மிகச் சிலரே.

பையனுக்கும் தாத்தாவுக்கும் மருந்து அரசாங்கத் திட்டத்தில் இலவசமாய்க் கிடைத்தது. வீட்டிலிருந்த மற்றவர்களையும் பரிசோதித்தார்கள். பங்காளர்களாகிய உங்கள் காணிக்கை மருந்துக்குச் செலவாகவில்லை என்பதை உண்மையாய்ச் சொல்லிவிடுகிறோம். அது பஸ் சார்ஜுக்கும், முட்டைக்கும், தகப்பன் வேலையை விட்டு வந்த நாட்களின் கூலிக்கும் போயிற்று. அது இல்லாமல் அந்த ஆறு மாதம் முடிந்திருக்காது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

"கவலைப்படாதே" என்று நாங்கள் சொன்ன அந்த வார்த்தை எங்களை வெகுநாள் குத்தியது. மலைப்பிரசங்கத்தில் கர்த்தர் விட்டுவிடச் சொன்ன கவலையைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். செமினரியில் படித்த கிரேக்கத்தைத் தூசி தட்டிப் பார்த்தபோது, 1 கொரிந்தியர் 12-ம் அதிகாரத்தில் சரீரத்தின் அவயவங்கள் ஒன்றுக்காக ஒன்று கொள்ளவேண்டியதாகப் பவுல் எழுதுவதும் அதே வினைச்சொல் என்று கண்டோம். தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் கவலை என்றே இருக்கிறது. ஆனால் அங்கே அது விலக்கப்பட்ட காரியம் அல்ல, செய்யவேண்டிய காரியம். இரவெல்லாம் விளக்கைப் போட்டுக் கணுவைப் பிசைந்த கவலை ஒன்று; பௌர்ணமிக் கூட்டத்தினூடே பிள்ளையைச் சுமந்து நடந்த கவலை மற்றொன்று. இரண்டும் ஒரே தாயாரிடத்தில் ஒரே வாரத்தில் இருந்தன. முதலாவதை விட்டுவிடும்படி சொல்லுகையில் இரண்டாவதையும் சேர்த்து அணைத்துவிடுகிற ஆபத்து எங்களைப் போன்ற போதகருக்கு உண்டு. அந்தத் தகப்பனிடம் நாங்கள் செய்தது அதுவே.

இப்போது வராந்தாவில் யாராவது பிள்ளையின் கழுத்தைக் காட்டினால், நாங்கள் தொட்டுப் பார்ப்பதில்லை. கூடவே எழுந்து ஓ.பி.க்கு நடக்கிறோம். பார்த்து அனுப்புகிற பிள்ளைகளின் அட்டையில் கணுவின் இடமும் அளவும் எழுதப்படுகின்றன. தினமும் தொடாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது பார்த்தால் போதும் என்று தாய்மாருக்குச் சொல்லுகிறோம். தினமும் தொடுகிற விரலுக்கு வளர்ச்சியும் தெரியாது, வற்றுவதும் தெரியாது.

களம்பூர்ப் பையன் ஆறு மாத மருந்தை முடித்தபோது வலது தாடையின் கீழ் ஒரு கணு நிலக்கடலை அளவில் மிச்சமிருந்தது. தகப்பன் நேரே எங்களிடம் வந்து, "ஐயா, இது இருக்கலாமா?" என்று கேட்டார். இம்முறை பதிலை நாங்கள் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் அளந்து, 11 மி.மீ. என்று அட்டையில் எழுதி, சென்னைப் பிள்ளைகளின் கதையை அவருக்குப் புரியும்படி சொன்னார். வளர்ந்தால் உடனே வாருங்கள், வளராவிட்டாலும் மூன்று மாதத்தில் வாருங்கள் என்றார். தகப்பன் அட்டையைச் சட்டைப்பையில் வைக்குமுன் நாங்கள் அதை வாங்கி, அந்தத் தேதியை எங்கள் டைரியிலும் எழுதிக்கொண்டோம்.