முதல் காசு உளிக்கு

விரிஞ்சிபுரம்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு மரவேலைப் பட்டறை போடப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். எந்தச் சாமானை வாங்குவது, எந்தப் பசையை நம்புவது என்று கேட்டிருந்தாய். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை உளிக்கும் சாணைக்கல்லுக்கும் போடு. பசைக்கு மிச்சம் போதும். ஏன் என்று சொல்கிறேன்.

நீ ஷூவுக்கு அடி ஒட்டிய கைக்காரன். ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்தினால் அப்போதே பிடித்துக்கொள்ளும். அந்த வேகம் பழகிய கை மரத்துக்கும் அதே டின்னைத்தான் தேடும். நடக்க நடக்க வளையும் செருப்புக்கு வளைந்துகொடுக்கும் பசை பொருத்தம்தான். நாற்காலிக் காலுக்கு அது ஆகாது. பாரம் ஏற ஏற மெல்ல நழுவும். சன்மைக்கா ஒட்டவும் இருக்கைக்குத் தோல் ஒட்டவும் மட்டும் அதை வைத்துக்கொள். சட்டென்று தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தடவு.

மரத்தோடு மரம் சேர்க்க வெள்ளைப் பசை. ஃபெவிகால் வந்தது 1959இல். அதற்கு முன் தச்சர்களுக்கு வச்சிரம்தான் கதி. டேனரிகளில் பதனிடுவதற்கு முன்பே வெட்டிக் கழிக்கும் பச்சைத்தோல் துண்டுகளிலிருந்து காய்ச்சி எடுப்பது அது. கட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும். நேரே அடுப்பில் கொதிக்கவிட்டால் வலு போய்விடும். ஈரம் பட்டால் வச்சிரம் விட்டுக்கொடுக்கும். மழை படும் கதவுக்கு உதவாது. அந்தக் குணமே வீணைக்கும் பழைய அலமாரிக்கும் வரம். சூடும் ஈரமும் காட்டினால் பொருத்து உடையாமல் பிரியும். பழுது பார்த்துத் திரும்ப ஒட்டலாம்.

வெள்ளைப் பசை வாங்கும்போது டப்பாவில் தேதியைப் பார். திறந்து கலக்கினால் கட்டி தட்டக் கூடாது, ரப்பர்போல் இழுபடக் கூடாது. அதிலுள்ள தண்ணீரை மரம் குடித்து, மிச்சம் ஆவியானால்தான் அது இறுகும். ஈரம் காயாத மரத்தில் சரியாகப் பிடிக்காது. நம்மூர் சித்திரை வெயிலில் தடவிய சில நிமிடத்திலேயே மேலே ஆடை கட்டும். அதனால் முதலில் பசையில்லாமல் எல்லாத் துண்டையும் கோத்துப் பார்த்துவிட்டு, பிறகு தடவு. கிளாம்ப் இறுக்கியபின் ஓரமெங்கும் மணிமணியாகப் பசை எட்டிப்பார்த்தால் அளவு சரி. ஒருநாள் கழித்தே பாரம் ஏற்று. தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்த அன்றே ஒட்டிவிடு. மழையில் நிற்கும் சாமானுக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் ரகம் வாங்கு.

எந்த வெள்ளைப் பசையும் இடைவெளியை அடைக்காது. இரண்டு பரப்பும் ஒட்டி உட்கார்ந்தால்தான் அதற்கு வலு. பரப்பை அப்படி உட்காரவைப்பது உளியும் இழைப்புளியும். மழுங்கிய உளி நாரைக் கிழிக்கும். கிழிந்த நார்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பசை போட்டாலும் அந்த நாரோடு சேர்ந்து பிய்ந்து வரும். பசையின் உறுதி பாதி உளிமுனையில்தான் இருக்கிறது.

வேலூர் லாங் பஜாருக்குப் போகும்போது பையில் ஒரு இரும்பு ஸ்கேலும், ஒரு பென்சிலும், ஒரு சின்ன அரமும் வைத்துக்கொள். கடைக்காரர் சம்மதித்தால் உளியின் ஓரத்தில் அரத்தை லேசாக இழு. வழுக்கினால் நன்றாகப் பதமேறிய எஃகு, கடித்தால் வைத்துவிடு. உளியின் முதுகு தட்டையாக இருக்க வேண்டும். இழைப்புளியின் அடியில் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடி. நடுவில் ஒளி கசிந்தால் வேண்டாம். மூலமட்டத்தைப் பலகையோரத்தில் வைத்து ஒரு கோடு போடு. திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றானால் மட்டம் சரி. V போல விரிந்தால் அந்த மட்டத்தை வைத்துச் செய்யும் பெட்டியெல்லாம் கோணல்தான்.

ரம்பத்தில் பல்நுனி கருநீலமாக இருந்தால், கடினமாக்கிய பல். வெகுநாள் வெட்டும், ஆனால் அரம் போட்டுத் தீட்ட முடியாது. உனக்கு முக்கோண அரத்தால் தீட்டக்கூடிய சாதாரணப் பல்லே வேண்டும். தீட்டப் பழகினால்தான் ரம்பம் புரியும்.

கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளி கிடைத்தால் தயங்காமல் வாங்கு. பதம் போட்ட கை நல்லதாக இருந்தால் கடை உளிக்குச் சளைக்காது. பிடிக்குக் கருவேலம் போடு.

முதல் மாதத்துக்கு ஆறு, பன்னிரண்டு, இருபத்தைந்து மில்லியில் மூன்று உளி, ஒரு இழைப்புளி, ஒரு ரம்பம், மூலமட்டம், கொட்டாப்புளி, இருபக்கச் சாணைக்கல், நாலு கிளாம்ப் போதும். மெஷின் எல்லாம் வருமானம் வந்தபின். உளியை 25 முதல் 30 டிகிரிக்குள் தீட்டு. முன்கை முடியை மழிக்கும் வரை மரத்தில் வைக்காதே.

கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு இங்கு வருவாய் அல்லவா? வாங்கிய உளிகளைத் தீட்டி எடுத்துவா. பார்த்துவிட்டு, பசைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா