காருக்கு வெயில் போதுமா? ஒரு நெல்லைக் கணக்கு

சித்திரை வெயிலில் நிறுத்திய காரை மத்தியானம் திறந்தால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. "இந்த வெயிலிலேயே கார் ஓடினா என்ன?" என்று நீங்களும் நினைத்திருப்பீங்க. ஓடும். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

எப்படி ஓடுகிறது?

சோலார் பேனலில் உள்ள சிலிக்கான் செல்கள் வெளிச்சத்தை மின்சாரமாக்குகின்றன. அது பேட்டரியில் சேர்ந்து மோட்டாரைச் சுழற்றுகிறது. வேலை செய்வது வெளிச்சம்தான், சூடு அல்ல. செல் சூடேறினால் உற்பத்தி குறையும். இத்தகைய செல்களும் பேனல்களும் நம்ம கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள டாடா பவர் ஆலையிலேயே தயாராகின்றன. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் அதைத் திறந்து வைத்தார்.

கூரை தரும் தூரம்

சின்ன காரின் கூரையில் சுமார் 2 சதுர மீட்டர் பேனல் பொருத்தலாம். அதன் திறன் ஏறக்குறைய 400 வாட். நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் 2 யூனிட் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் 10 முதல் 14 கி.மீ. ஓடும். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போய் வரலாம்; பாபநாசம் போக முடியாது. அதுவும் நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினால்தான். நாமோ மர நிழலைத் தேடித்தான் வண்டியை விடுகிறோம்!

ஆஸ்திரேலியாவில் 1987 முதல் நடக்கும் பந்தயத்தில் சோலார் கார்கள் சுமார் 3,000 கி.மீ. ஓடுகின்றன. அவை மிக லேசாக, போட்டிக்கென்றே செய்தவை. குடும்பத்தோடு போக ஆகாது. புனேயின் வேவ் மொபிலிட்டி 2025 ஜனவரியில் அறிமுகம் செய்த 'ஈவா' என்ற சின்ன காருக்கும் வெயில் துணைதான். முக்கியமாக பிளக்கில்தான் சார்ஜ் செய்ய வேண்டும்.

உங்கள் காரில் பேனல் மாட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். வாகனத்தின் அமைப்பை இஷ்டம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பேனலை வீட்டு மாடியில் போடுங்க

3 கிலோவாட் பேனலுக்கு சுமார் 300 சதுர அடி நிழலில்லாத மாடி போதும். நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் கிடைக்கும். அது முழுவதும் காருக்கே என்றால் 80 கி.மீ. தாண்டும். பகலில் கார் ஆபீசில் நின்றாலும் கவலையில்லை. மிச்ச மின்சாரம் மின்வாரிய லைனுக்குப் போகும். இருவழி மீட்டர் அதைக் கணக்கில் வைக்கும். ராத்திரி வீட்டில் சார்ஜ் போடலாம்.

போனிலேயே விண்ணப்பிக்க

1. மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள்.
2. மின் இணைப்பு எண்ணுடன் பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்.
3. அங்கே பதிவான நிறுவனங்களில் இரண்டு மூன்றிடம் விலை கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
4. பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்ததும் வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவிடுங்கள்.

இந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் வீடுகளுக்கான மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000; 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் ரூ.78,000. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் வரும். அதை வாங்கித் தருவதாக யாராவது ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீங்க.

கார் வாங்குவது பிறகு. இன்றைக்கு மத்தியானம் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று பார்த்து வாங்க.