லஞ்சம் கேட்டால் என்ன செய்யலாம்? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

கவரைப்பேட்டையில் வாங்கிய மனைக்குப் பட்டா மாற்ற வேண்டும். ஊத்துக்கோட்டையில் வாரிசுச் சான்று எடுக்க வேண்டும். சிப்காட் ஓரத்துப் பட்டறைக்கு மும்முனை மின் இணைப்பு வேண்டும். இப்படி ஏதாவது ஒன்றுக்காக அரசு அலுவலகப் படி ஏறாத வீடு நம் மாவட்டத்தில் இல்லை. “மேல கவனிக்கணும்மா”, “டீ செலவுக்கு ஏதாவது பாருங்க” என்ற பேச்சைக் கேட்காத வீடும் அநேகமாக இல்லை. கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் விருப்பப்பட்டுக் கொடுப்பதில்லை. விதி என்னவென்று தெரியாது, கூட வர ஆள் கிடையாது. அதனால்தான் கொடுக்கிறார்கள். கீழே உள்ள குறிப்புகள் அந்த இரண்டு குறைகளையும் தீர்ப்பதற்காகவே.

1. கிளம்பும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: அரசு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் முடிய வேண்டும், கையெழுத்துப் போடுபவர் யார். சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றை வருவாய்த்துறை இணையதளத்திலும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். உட்பிரிவு தேவைப்படாத முழு மனை என்றால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாற வழி செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் புரோக்கரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2. உங்கள் காகிதத்தை முதலில் சரிசெய்யுங்கள். அங்கீகாரம் இல்லாத மனை, பெயர் மாற்றாத வீட்டு வரி, தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா என்று ஏதாவது ஓட்டை இருந்தால் அதைப் பிடித்துத்தான் பேரம் தொடங்கும். பொன்னேரி முதல் எளாவூர் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் கல் நட்டு விற்கும் மனைகளில் பணம் கட்டும் முன் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். குறை நம்மிடம் இருந்தால் தைரியமாகப் பேச வாய் வராது.

3. எதையும் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பொதுமக்கள் மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, 30 நாளில் முடிவு என்று தமிழக அரசின் ஆணையே இருக்கிறது. முத்திரை போட மறுத்தால் அதே மனுவை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் கொடுக்கும் மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். அந்த எண்தான் பிறகு நமக்கு ஆயுதம்.

4. தகவல் பெறும் உரிமைச் சட்டம். 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தை வீட்டில் ஒருவராவது பழகிவைத்திருக்க வேண்டும் என்பேன். வெள்ளைத்தாளில் “பொதுத் தகவல் அலுவலர்” என்று விலாசமிட்டு, பிரிவு 6(1)-ன் கீழ் கேட்பதாக எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் அஞ்சல் ஆணை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. சட்டமே அதைத் தடுக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். “ஏன் தாமதம்?” என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று ஒற்றை வரியில் திருப்பிவிடுவார்கள். “எனது இந்தத் தேதியிட்ட, இந்த எண் கொண்ட மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்ற விவரமும், கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகலும் தேவை” என்று கேளுங்கள். பதில் எழுத வேண்டுமென்றால் கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். யார் மேசையில் தூங்கியது என்பதைக் காகிதத்தில் பதிக்க வேண்டும். பல இடங்களில் பதில் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

30 நாளில் பதில் இல்லையா, அரைகுறையா? அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காலம் கடந்து தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது. காரணமின்றி மறுத்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அவர் சொந்தக் காசிலிருந்து அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆணையத்தில் விசாரணைக்கு நாளாகும், பொறுமை வேண்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு இந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஒ)-ஐத் திருத்தி, “தனிப்பட்ட விவரம்” என்று சொல்லி மறுக்கும் வாசலை அகலமாக்கிவிட்டார்கள். இது பெரிய அநியாயம். எனவே ஓர் ஊழியரைப் பற்றிக் கேட்காமல், கோப்பையும் பணியையும் செலவையும் பற்றிக் கேளுங்கள்.

5. புதுச் சாலை மழைக்கு முன்பே பெயர்ந்தால், திட்டிவிட்டுப் போகாதீர்கள். பணி விவரப் பலகையைப் படம் எடுங்கள். பிறகு மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்த ஆணை, எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். போட்ட தாரின் கனம், நீளம், அகலம் எல்லாம் எம்.புக்கில் எழுதித்தான் பில் போடுவார்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டு சாலையை நாடாவால் அளந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். பொதுப் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஒ) இடம் கொடுக்கிறது. டெண்டரில் முறைகேடு என்று சந்தேகித்தால், 1998-ல் இயற்றிய தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. சென்னை, கோவை மாநகராட்சி ஒப்பந்தங்கள் பற்றி, ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2018-ல் கொடுத்த புகார்கள் பொதுவெளியில் கிடைத்த டெண்டர் ஆவணங்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு எழுதப்பட்டவை. அந்தப் பொறுமையை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

6. நேரடியாகப் பணம் கேட்டுவிட்டார்கள் என்றால்: அங்கேயே சண்டை போடாதீர்கள். “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று அவகாசம் வாங்குங்கள். வெளியே வந்ததும் தேதி, நேரம், கேட்ட தொகை, சொன்ன வார்த்தை அத்தனையையும் எழுதிவையுங்கள். கைபேசியில் பேரம் பேசினால் பதிவு செய்து, அந்தக் கைபேசியிலேயே அழிக்காமல், வெட்டாமல் வையுங்கள். பிறகு 1064-ஐ அழையுங்கள், அல்லது நம் மாவட்டத்துக்கான லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்கு நேரில் போங்கள். 1964-ல் உருவான ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் கீழ் அது இயங்குகிறது.

பத்திரிகையில் “ரசாயனம் தடவிய நோட்டு” என்று படிக்கிறோமே, அது நடப்பது இப்படித்தான். எழுத்தில் புகார் வாங்கி வழக்குப் பதிவார்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொள்வார்கள். வேறு துறை ஊழியர்கள் சாட்சியாக இருப்பார்கள். நோட்டில் பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் நீர் இளஞ்சிவப்பாகும். இங்கே ஒன்று மிக முக்கியம்: நீங்களாகப் பணத்தை நீட்டக் கூடாது. அவர் வாய்திறந்து கேட்க வேண்டும், அதைச் சாட்சி கேட்க வேண்டும். ‘கேட்டார்’ என்பது நிரூபணமாகாமல் விடுதலையான வழக்குகள் நிறைய. புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ்சாட்சியாகிவிட்டாலோ மற்ற சான்றுகளைக் கொண்டும் அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனாலும் நீங்கள் கடைசிவரை உறுதியாக நிற்பதற்கு ஈடில்லை. லஞ்சம் வாங்கிய குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

7. கொடுத்துவிட்டீர்களா? 7 நாள் கணக்கு வையுங்கள். 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தினால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிப்காட்டில் சிறு தொழில் நடத்துவோர் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். எட்டாவது நாள் நீங்களும் குற்றவாளிதான்.

8. நேரில் மறுக்கக் கூச்சப்படுபவர்களுக்காக, சென்னையைச் சேர்ந்த ஐந்தாவது தூண் அமைப்பு 2007 முதல் பூஜ்ய ரூபாய் நோட்டை அச்சிட்டு வழங்கியது. லஞ்சம் கேட்டவரிடம் அதை நீட்டினால், இவர் தனி ஆள் இல்லை என்ற சேதி போய்ச் சேரும்.

9. கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். குறைவெண் வரம்பு உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேராமல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினால் அது கிராம சபையே இல்லை. போடாதீர்கள், வீட்டில் பெரியவர்களையும் போடவிடாதீர்கள். கூட்டத்தில் படிவம் 30 எனப்படும் வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் என்று சின்னச் சின்னத் தலைப்புகளில்தான் பணம் கரையும். உங்கள் தெருவில் அந்த விளக்கு எரிகிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொல்லி, வாசித்துக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

கணக்கை ஊர் நடுவில் வாசிப்பதன் வலிமைக்கு ராஜஸ்தான் சாட்சி. சென்னையில் பிறந்த அருணா ராயும் தோழர்களும் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994-ல் கூலிப் பட்டியலைப் பொது விசாரணையில் வாசித்தது. வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எடுக்கப்பட்டது எல்லோர் முன்னாலும் வெளிவந்தது. நாடு தழுவிய தகவல் உரிமைச் சட்டத்துக்கு அங்கே விதை விழுந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 சுதந்திர தினத்தன்று கும்மிடிப்பூண்டி ஒன்றியத்து ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், தலைவராக இருந்த தலித் பெண்மணியைக் கொடியேற்ற விடவில்லை. பிறகு மாவட்ட ஆட்சியர் தலையிட்டு அவரையே ஏற்றவைத்தார். தேர்ந்தெடுத்த தலைவர் நாற்காலியில் உட்கார முடியாத ஊரில் கணக்கு நேராக இருக்காது. அப்படிப்பட்ட தலைவருக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் ஊழல் எதிர்ப்புதான்.

10. ஆலைப் புகையும் கழிவுநீரும். கும்மிடிப்பூண்டியிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. குறிப்பிட்ட ஆலையின் இயக்க இசைவாணை, அதன் நிபந்தனைகள், கடைசியாக எடுத்த மாதிரிகளின் ஆய்வறிக்கை, அனுப்பிய விளக்கம் கேட்பு அறிவிப்புகள் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். ‘ஆய்வு செய்தோம், குறையில்லை’ என்ற தாளில் உள்ள தேதியும், உங்கள் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிய தேதியும் ஒன்றாக இருந்தால் அதுவே நல்ல சான்று. பெரிய ஆலை விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால் 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். தமிழில் உள்ள சுருக்கத்தை வாங்கி வாசியுங்கள். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

11. மேய்க்கால், ஏரி, மந்தைவெளி ஆகிய புறம்போக்குகளின் சர்வே எண்ணை ‘அ’ பதிவேட்டில் இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். ஏரியில் சவுடு மண் அள்ள லாரி நுழைந்தபின் தேடினால் தாமதம். அனுமதி ஆணையில் எத்தனை லோடு, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி வரை என்று இருக்கும். ஊர் இளைஞர்கள் லாரிகளை எண்ணினாலே கணக்கு உதைக்கும். தேர்வாய் கண்டிகை மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் வருவதை எதிர்த்து, 2012-ல் ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்புக்காகப் பிரான்சில் உள்ள தொடர்பு மையம் வரை புகார் கொண்டுபோனார்கள். நிலம் திரும்பவில்லை, பிரெஞ்சு நிறுவனமான மிஷெலினின் டயர் ஆலை அங்கேதான் நிற்கிறது. ஆனால் ஒரு சிறு கிராமத்தின் காகிதம் அவ்வளவு தூரம் போயிற்று.

12. லாரி வைத்திருப்பவர்களுக்கு: எளாவூர் சோதனைச் சாவடியில் லஞ்ச ஒழிப்புத் துறை திடீர் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைப் பிடித்தது பலமுறை செய்தியானது. ரசீது தராத எந்தப் பணமும் அபராதம் ஆகாது. ரசீது கேளுங்கள்.

13. தனியாகப் போகாதீர்கள். 2023 ஏப்ரல் 25-ல் மணல் கடத்தலைத் தடுத்த தூத்துக்குடி மாவட்டக் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரி 17-ல் கல்குவாரி முறைகேட்டைப் புகார் செய்த திருமயம் ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியும் அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை. இதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. மணல், மண், கல், நிலம் என்று பெரும்பணம் புரளும் விஷயத்தில் பத்துப் பேர் கையெழுத்திட்டு, மகளிர் குழு அல்லது சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். எல்லா நகல்களும் வேறு இரண்டு வீடுகளில் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

14. தகவல் கேட்டு மிரட்டிப் பணம் பறிக்கும் ஆட்களும் உண்டு. அவர்களிடம் உங்கள் மனுவைக் கொடுக்காதீர்கள். காசு வாங்காமல் வேலை செய்த அலுவலர் யாராவது இருந்தால், அவரைப் பற்றி மேலதிகாரிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். லூர்து பிரான்சிஸும் ஓர் அரசு ஊழியர்தான்.

அடுத்த கிராம சபைத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையாவது கூட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்து, படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.