மிதப்பதும் மூழ்குவதும்

‘மைன்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டை உங்களுள் பலர் அறிவீர்கள். 2011-ஆம் ஆண்டில் முழுமை பெற்று வெளிவந்த அவ்விளையாட்டில், மரத்தின் அடியை வெட்டினாலும் மேற்பகுதி அந்தரத்திலேயே நிற்கும். குளத்து நீருக்குள் வைத்த மரக்கட்டை மேலெழும்பாது. ஆனால் கையிலிருந்து எறிந்த இரும்புக்கட்டியோ நீரின்மேல் மிதக்கும்! 2018-ஆம் ஆண்டுக்கு முன்னர் எறிந்தவை யாவும் மூழ்கின; மரக்குச்சியும் மூழ்கியது. விளையாட்டை அமைத்தோர் விதியை மாற்றினர், பொருள்களும் பணிந்தன.

உண்மை நீர் எவர் கட்டளைக்கும் பணியாது. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை 1 கிராம். அதே அளவு இரும்பு ஏறக்குறைய 7.9 கிராம், பனிக்கட்டி 0.92 கிராம். இதனையே அடர்த்தி என்கிறோம். நீரைவிட அடர்த்தி குறைந்தது மிதக்கும், மிகுந்தது மூழ்கும். அங்ஙனமாயின் இரும்புக் கப்பல் மிதப்பதேன்? அதன் உட்புறம் உள்ளீடற்று அகன்றிருப்பதால், தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ள முடிகிறது.

தோட்டத்துப் பெற்றோர்க்கு இது புதிதன்று. ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் ‘மெட்ரோலாக்’ என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டதைப் பலர் கண்டிருப்பர். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும். நீர் கலந்த பாலில் உயர்ந்து நிற்கும். உலர்ந்த ரப்பரின் அளவை அக்கோடே காட்டியது. பல தோட்டங்களில் கூலிக் கணக்கும் அவ்வளவைத் தழுவியே எழுதப்பட்டது. கோட்டைத் தாமே படிக்க அறிந்த தொழிலாளிக்கு அது எத்துணைப் பெரிய பாதுகாப்பு! செம்பனை ஆலையில் எண்ணெய் நீரின்மேல் தெளிந்து நிற்பதும் இதே காரணத்தாலன்றோ?

விளையாட்டுகள் அனைத்தையும் நாம் பழிக்கவில்லை. சுவீடன் நாட்டு உமியோ பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ஆய்விலிருந்து பிறந்த ‘ஆல்கோடூ’வில் ஒரு பொருளின் அடர்த்தியை நாமே கூட்டலாம், குறைக்கலாம்; அதற்கேற்ப அது மிதக்கும் அல்லது மூழ்கும். எல்லாம் தாளில் வரைந்த படம்போல் தட்டையாகத் தோன்றினும், பாடத்திற்கு இதுவே ஏற்றதென்போம்.

பெற்றோர் துணையுடன் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடிக் குவளையில் செம்பனைச் சமையல் எண்ணெயை ஊற்றிப் பனிக்கட்டி ஒன்றை இடுங்கள். இரண்டன் அடர்த்தியும் மிக நெருங்கியவை. ஆதலால் கட்டி மிதக்குமா, மூழ்குமா என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது உருகுகையில் வழியும் நீர்த்துளிகள் எத்திசையில் செல்கின்றன என்று உற்று நோக்குங்கள். கண்டதை அறிவியல் ஏட்டில் வரைந்து வகுப்பாசிரியரிடம் காட்டுக.