‘ஷன்’னுக்கு முந்தைய அசை

கேள்வி: துறைமுகத்தில் கன்டெய்னர் ஆவணங்களைப் பார்க்கும் வேலை. வெளிநாட்டுக் கப்பல் அதிகாரிகளிடம் போனில் ‘சர்ட்டிஃபிகேட்’, ‘ஃபியூமிகேஷன்’ என்றால் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நீளமான ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரிப்பது, எங்கே அழுத்துவது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: எல்லா அசைகளையும் ஒரே பலத்தில் சொல்கிறீர்கள். தமிழுக்கு அது சரி. ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காதோ, சொல்லில் ஓங்கி ஒலிக்கும் ஓர் அசையைத்தான் முதலில் பிடிக்கும்.

பள்ளியில் படித்த யாப்பு இங்கே உதவாது. தூத்/துக்/குடி என்று அலகிட்டால் நேர் நேர் நிரை, தேமாங்கனி; மூன்றே அசை. ஆங்கிலக் கணக்கில் ‘குடி’ இரண்டாகும், மொத்தம் நான்கு. காதில் எத்தனை உயிரொலி விழுகிறதோ அத்தனை அசை. ஸ்பெல்லிங்கைப் பார்த்து எண்ணாதீர்கள்.

அழுத்தத்தைச் சொல்லின் கடைசியிலிருந்து தேடுங்கள். ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை ஓங்கும்: ஃபியூ-மி-கே-ஷன், டாக்-யு-மென்-டே-ஷன். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பெயரிலும் ‘கே’தான். ஆனால் நேவிகேட்டர் என்றால் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடும். ‘இட்டி’யில் முடிபவையும் இதே வழிதான்: உப்பளத்து சலினிட்டியில் ‘லி’ ஓங்கும். ‘இக்’கும் பெரும்பாலும் அப்படியே. விதிவிலக்கு பனிமய மாதா கோயில் வாசலிலேயே இருக்கிறது: நாம் ‘தோ’வை நீட்டும் கத்தோலிக், ஆங்கிலத்தில் முதல் அசையில் ஓங்கி, நடு அசை ஏறக்குறைய மறைந்தே போகும்.

உங்கள் சர்ட்டிஃபிகேட்டில் ‘டிஃப்’ ஓங்க வேண்டும். கடைசி அசை ‘கேட்’ அல்ல, ‘கிட்’ என்று மங்கும். ஓங்கிச் சொல்வது நமக்கு எளிது; மங்கவிடுவதுதான் கஷ்டம். அதையே அதிகம் பழகுங்கள். இன்னொன்று, தினமும் உங்கள் வாயில் வருவது: இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டும் பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும், வினைச்சொல்லானால் இரண்டாவதிலும் அழுத்தம் பெறும்.

எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். தர்ட்டீனில் ‘டீன்’, தர்ட்டியில் ‘தர்’. இது பிசகினால் 13ஆம் பெட்டி 30ஆகிவிடும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கப்பல் தகவல்தொடர்புச் சொற்றொடர்களில், எண்களைப் பொதுவாக இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. போனில் நீங்களும் ‘ஒன், த்ரீ’ என்றே சொல்லுங்கள்.